டிசையர் விலைக்கு பென்ஸ்: குமரி மாவட்டத்தில் பழைய சொகுசு செடான் வாங்குபவர்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் இடங்களில் ஸ்விஃப்ட், ஐ20, எர்டிகா வரிசைக்குக் கடைசியில் ஒரு கறுப்பு பென்ஸ் இ-கிளாஸோ வெள்ளை பிஎம்டபிள்யூ 5 சீரிஸோ நிற்பதை இப்போது பார்க்க முடிகிறது. பெரும்பாலும் 2012, 2013 மாடல். புதிதில் 40 லட்சத்துக்கு மேல் விற்றவை. இன்று கேட்கும் விலை ஏறக்குறைய ஒரு புது டிசையரின் விலை. இன்னும் ஐந்தாறு வருடம் பழையது என்றால் மூன்று, நான்கு லட்சத்துக்கே பேசி முடிக்கலாம்.

2025 செப்டம்பரில் வந்த இரண்டு செய்திகள் இந்த ஆசையோடு குழப்பத்தையும் கிளப்பிவிட்டன. ஒன்று, புதுக் கார்களின் ஜிஎஸ்டி மாற்றம். இன்னொன்று, பூட்டான் வழியாகக் கடத்தி வந்த சொகுசு வாகனங்களைத் தேடி கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய சோதனை. விலை இன்னும் இறங்குமா, திருவனந்தபுரத்தில் வாங்கினால் வில்லங்கம் வருமா, வாங்கியபின் கட்டுப்படியாகுமா என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

விலை ஏன் இவ்வளவு விழுகிறது

1. சொகுசு காரின் முதல் உரிமையாளர் பெரும்பாலும் ஒரு நிறுவனம் அல்லது தொழில் செய்பவர். வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். நான்கைந்து வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் காரின் மதிப்பு பாதியாகிவிடும். அப்போது அதை விற்றுவிட்டுப் புது மாடலுக்குப் போவதுதான் அவருக்கு வசதி.

2. அதே நேரத்தில் நிறுவன வாரன்டியும் முடிகிறது. அதன்பிறகு வரும் ஒவ்வொரு பழுதும் சொந்தக் காசு என்ற பயத்தில் வாங்குபவர்கள் பின்வாங்குகிறார்கள். வண்டிகள் நிறைய, ஆட்கள் குறைவு என்றால் விலை சரியத்தான் செய்யும்.

3. பணம் உள்ளவர்கள் இன்று எஸ்யுவி பக்கம் போய்விட்டார்கள். தாழ்வான, நீளமான செடானுக்கு மவுசு குறைந்துவிட்டது.

4. டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் கடந்த டீசல், 15 வருடம் கடந்த பெட்ரோல் கார்களை ஓட்டக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிறகு அந்த உத்தரவில் தளர்வுகள் வந்தாலும், அந்தப் பயத்தில் விற்கப்பட்ட வண்டிகள் தெற்கே வந்து சேர்ந்துவிட்டன.

5. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்த 48 சதவீதம் 40 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியின் விலை இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும். ஆனால் இந்த இறக்கம் இரண்டு, மூன்று வயது வண்டிகளில்தான் தெரியும். பத்து வயது வண்டியின் விலையை அதன் நிலைமைதான் முடிவு செய்கிறது. இன்னும் குறையும் என்று அதற்காகக் காத்திருப்பதில் பயன் இல்லை.

(பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று 2025 தொடக்கத்தில் வந்த செய்தியும் பலரைக் குழப்பியது. அது பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்த வரி கிடையாது.)

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். காரின் விலை இறங்குகிறது, உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை. 9 லட்சத்துக்கு வாங்கிய இ-கிளாஸுக்கும் 45 லட்சம் ரூபாய்க் காருக்கான உதிரியைத்தான் வாங்கிப் போட வேண்டும். இதிலிருந்து இன்னொன்றும் புரியும்: வண்டி எவ்வளவு மலிவோ, கைவசம் வைத்திருக்க வேண்டிய பணத்தின் விகிதம் அவ்வளவு கூடும். 10 லட்சத்துக்கு வாங்குபவர் முதல் வருடத்துக்கு 3 லட்சம் ஒதுக்கினால் போதும். 3 லட்சத்துக்கு வாங்குபவரும் அதே 3 லட்சத்தை ஒதுக்க வேண்டும்.

எந்தப் பாகம், என்ன பழுது

ஏர் சஸ்பென்ஷன்: சாதாரணக் காரில் இரும்புச் சுருள் இருக்கும் இடத்தில், காற்று அடைத்த ரப்பர் பை இருக்கும். ஒரு கம்ப்ரஸர் அதில் காற்று நிரப்பி வண்டியின் உயரத்தைக் காக்கும். பத்து வருடம் ஆனால் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் போய்விடும். ஒரு சக்கரத்துக்கான பாகமே ஐந்திலக்கத்தில் தொடங்கி, அசல் உதிரி என்றால் ஆறிலக்கத்தைத் தொடும். சோதிப்பது சுலபம். சாயங்காலம் சமதரையில் வண்டியை நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று நான்கு பக்கமும் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி விரல் வைத்துப் பார்த்தால் கசிகிற பக்கம் தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க வண்டியை விட்டுவைக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

டைமிங் செயின்: எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கும் சங்கிலி இது. பிஎம்டபிள்யூவின் என்47 என்ற 2 லிட்டர் டீசல் எஞ்சினில் (320டி, 520டி) இந்தச் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் 2011 வரை செய்தவற்றில் செயின் தளர்ந்துபோகும் புகார் அதிகம். மாற்ற வேண்டுமானால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றி இறக்கியாக வேண்டும், பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிதாகிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பின்பக்கத்திலிருந்து உரசும் சத்தம் கேட்டால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

கியர்பாக்ஸ் எண்ணெய்: பல பிஎம்டபிள்யூ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெய் 'ஆயுள் முழுக்கப் போதும்' என்று கார் நிறுவனம் சொல்லியிருக்கும். அந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் இசட்எஃப் பக்கம்தான். எண்ணெயே மாற்றாமல் ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி என்றால் கியர்பாக்ஸுக்கு என்று தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்பிசி பிரேக்: 2003 முதல் 2006 நடுவரை வந்த பென்ஸ் இ-கிளாஸில் (டபிள்யூ211) பிரேக் மிதியை மிதித்தால் அது மின்சாரச் செய்தியாகப் போய், பம்பு ஒன்று அழுத்தம் கொடுக்கும். அந்தப் பம்பு எத்தனை முறை வேலை செய்தது என்று எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை முடிந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும், பம்பு மாற்ற வேண்டும். 2004, 2005இல் உலக அளவில் திரும்ப அழைத்துச் சரிசெய்த அமைப்பு இது. 2006 நடுவுக்குப் பிறகு சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே நிறுவனம் திரும்பிவிட்டது. ஒரே தோற்றம் கொண்ட இரண்டு வண்டிகளில் 2007 மாடலுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பது இதனால்தான் நியாயம்.

ஆடியின் டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் 2009 முதல் 2012 வரை வந்தவை பிஸ்டன் ரிங் காரணமாக எஞ்சின் ஆயில் குடிக்கும். ஸ்கோடா சூப்பர்ப் 1.8இல் உள்ள டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நெரிசலில் ஊர்ந்து போனால் சூடாகும். மார்த்தாண்டம் சந்திப்பைத் தினமும் கடப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குமரியின் மழை, உப்பு, இலை

மேலே சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் மாவட்டத்துக்கு என்று தனிச் சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. ஒரு பக்கம் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடல். மறுபக்கம் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை என்று ரப்பர்த் தோட்டம். சொகுசுக் காரின் எலக்ட்ரானிக்ஸுக்கு இந்த மூன்றும் பகை.

இலையிலிருந்து தொடங்குவோம். சன்ரூஃப் உள்ள காரில் கண்ணாடியைச் சுற்றி ஒரு சிறிய வாய்க்கால் ஓடும். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கித் தண்ணீரை வெளியே விடும். அதேபோல் பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில், வைப்பருக்குக் கீழே ஒரு குழி, அதற்கும் வடிகால். தை, மாசியில் ரப்பர் இலை உதிரும்போது மரத்தடியில் நின்ற வண்டியின் இந்தக் குழி நிரம்பிவிடும். இலை மக்கிச் சேறாகி வடிகாலை அடைக்கும். ஆனி மழையில் தேங்கிய தண்ணீர் வேறு வழியில்லாமல் காருக்குள் இறங்கும். பல ஜெர்மன் கார்களில் ஒயரிங் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் கார்பெட்டுக்கு அடியிலும் டிக்கியின் ஓரக் குழிகளிலும்தான் இருக்கின்றன. மேலே கார்பெட் காய்ந்து கிடக்கும். அதன் கீழே இரண்டு விரல் தடிமனுக்கு இருக்கும் ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் நனைந்து கிடக்கும்.

அதனால் கார் பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள்:

1. முன்சீட்டு இரண்டுக்கும் முன்னால் கால்மிதி மேட்டை எடுத்துவிட்டு, கார்பெட்டை உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். ஈரம் ஏறினாலோ புளித்த வாடை வந்தாலோ, "ஏசி தண்ணிதான் அண்ணாச்சி" என்ற பதிலை ஏற்காமல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்.

2. சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் அது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். மூலையிலேயே தேங்கி நின்றால் அடைப்பு.

3. டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கி, குழியிலும் பேட்டரியைச் சுற்றியும் தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

4. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடியும் நெல்லையும் என்று வெள்ளம் பார்த்த ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அங்கே மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வருகின்றன. விலை எவ்வளவு குறைந்தாலும் இதை வாங்காதீர்கள்.

கடலோர வண்டிக்கு வேறு சோதனை. உப்புக் காற்று இரும்பைத் துருவாக்குவது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கார்களில் அதைவிட மோசமானது ஒயர் முனைகளில் பிடிக்கும் பச்சைக் களிம்பு. ஒரு சென்சாரின் முனையில் களிம்பு பிடித்தால் திரையில் நாலு எச்சரிக்கை வரும். மெக்கானிக் ஒவ்வொரு பெட்டியாக மாற்றிப் பார்ப்பார், பில் ஏறும், பழுது அப்படியே இருக்கும். பானெட்டுக்குள் இரண்டு மூன்று இணைப்புகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முனை செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ பளிச்சென்று இருக்க வேண்டும்.

சர்வீஸ் எங்கே

இந்தக் கார்களுக்கு நமக்கு எட்டும் நிறுவன சர்வீஸ் என்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மதுரை 240 கிலோமீட்டர். வண்டி நடுவழியில் நின்றால் ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும். தட்டு உள்ள ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும். வாங்கும் முன்பே அதன் நம்பரைக் கைபேசியில் சேமித்துக்கொள்வது நல்லது.

நிறுவன சர்வீஸ் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஐரோப்பியக் கார்களை மட்டும் பார்க்கும் தனி வர்க்‌ஷாப். திருவனந்தபுரம், கொச்சி, கோவை, சென்னையில் இருக்கின்றன. இரண்டு, உதிரியை நீங்களே வாங்கி, நம்பகமான உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுப்பது. கார் நிறுவனங்கள் பல பாகங்களைத் தாங்களே செய்வதில்லை. பாஷ், மாஹ்லே, லெம்ஃபோர்டர், சாக்ஸ் போன்ற நிறுவனங்கள்தான் செய்து கொடுக்கின்றன. பென்ஸின் நட்சத்திரம் போன்ற கார் நிறுவன முத்திரை இல்லாமல் அதே நிறுவனத்தின் பெட்டியில் வாங்கினால் விலை நன்றாகக் குறையும். கதவு, விளக்கு, சீட் மோட்டார் போன்றவை சென்னை புதுப்பேட்டையில் பழையதாகவே கிடைக்கும். பிரேக், சஸ்பென்ஷன், டயர் இவற்றில் மட்டும் பழையது வேண்டாம். உயிர் அதில்தான் இருக்கிறது.

கேஎல் நம்பரா, டிஎன் நம்பரா

மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்கு நாகர்கோவில் போவதும் கேரளம் போவதும் ஒன்றுதான். அங்கே வண்டி அதிகம், தேர்வு செய்ய வசதி. ஆனால் மாநிலம் மாறும்போது கணக்கு மாறுகிறது.

1. கேரள ஆர்டிஓவிடம் படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று, அதாவது என்ஓசி வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி மீது கடன் இருந்தால் அது முடிந்ததற்குப் படிவம் 35. கடன் முடிந்தும் ஆர்சியில் வங்கியின் பெயர் நிற்கும் வண்டிகள் ஏராளம். பணம் கொடுக்கும் முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

2. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தின் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் எடுத்தாக வேண்டும். அதாவது நாகர்கோவிலில் டிஎன் 74, மார்த்தாண்டத்தில் டிஎன் 75.

3. நம்பர் மாற்றும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப இது குறையும். ஆனால் கணக்கின் அடிப்படை வண்டியின் ஆரம்ப விலை. நீங்கள் 8 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 45 லட்சம் ரூபாய்க் காராகத்தான் பார்க்கப்படும். கேரளத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு அலைய வேண்டியிருக்கும். எனவே ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் விலை பேசுங்கள். பெரும்பாலும் ஒரு லட்சம் கூடுதல் கொடுத்து டிஎன் வண்டியை வாங்குவதே லாபமாக இருக்கும்.

4. பூட்டான் விவகாரம். அங்கிருந்து கொண்டு வந்து, பொய் ஆவணங்களால் இந்தியாவில் பதிவு செய்ததாகச் சொல்லப்படும் வாகனங்கள்தான் அந்தச் சோதனையின் இலக்கு. பென்ஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆடி ஏ6 போன்ற செடான்கள் புனேயிலும் சென்னை அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் அவுரங்காபாத்திலும் பாகங்களை இணைத்து முடிக்கப்பட்டு விற்றவை. அவற்றின் முதல் விற்பனை இந்திய ஷோரூமில் நடந்திருக்கும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் நிறுவன சர்வீஸில் முதல் விற்பனை விவரம் கிடைக்கும். முழுதாக இறக்குமதியான மாடல் என்றால் சுங்கத் தீர்வை கட்டிய ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

5. 15 வருடம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் கடந்த காருக்கு 2025இல் 10,000 ஆனது. 2011 மாடலை இன்று பார்ப்பவர்கள் இந்தத் தேதியையும் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன நல்ல செய்தி: மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 1500 சிசிக்கு மேற்பட்ட எல்லாக் காருக்கும் ஆண்டுக்கு ஒரே தொகை, 7,897 ரூபாயும் ஜிஎஸ்டியும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தண்ணீர் ஏறி எஞ்சின் உடைந்தால் சாதாரண பாலிசி கொடுக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற சேர்ப்பு இருந்தால்தான் கிடைக்கும். நம் ஊர் மழைக்கு, வண்டியின் வயதைப் பார்த்து நிறுவனம் கொடுக்கச் சம்மதித்தால் அதைச் சேர்த்துவிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்கலாம்

காரை விரும்பி ஓட்டுகிறவர், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கிறவர், வீட்டில் தினசரி ஓட்டத்துக்கு வேறொரு சின்ன கார் வைத்திருப்பவர். இவர்களுக்குத்தான் இந்தச் செடான்கள். இருக்கும் ஒரே காரை விற்று இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் சொகுசு செடானுக்கு என் தேர்வு, 2007 முதல் 2009 வரையிலான இ-கிளாஸ் 220 சிடிஐ, ஏர் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி. பிரேக் சிக்கல் தீர்ந்த காலம், உழைக்கும் டீசல் எஞ்சின், இரும்புச் சுருள். நான்கு வழிச்சாலையில் நாங்குநேரி தாண்டி 100இல் போகும்போது உள்ளே பேசும் குரலைக்கூட உயர்த்த வேண்டாம். அந்த அமைதிக்காகத்தான் இவ்வளவு பாடும். ஓட்டும் சுகம்தான் முக்கியம் என்றால் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பெட்ரோல் பிஎம்டபிள்யூ 530ஐ. ஆனால் அந்தக் காலப் பெட்ரோல் கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர்க் குழாய்களையும் எரிபொருள் பம்பையும் கண்காணிக்க வேண்டும். நிம்மதிதான் முதலில் என்றால் டொயோட்டா கேம்ரி. விலை கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது.

வாங்கும் முன் வண்டியை உங்கள் வீட்டு வாசல் வரை ஓட்டி வரச் சொல்லுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேடு பள்ளமான இடவழிகளில் அடிப்பகுதி உரசினால் அன்றே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயர் என்றால், கட்டை (தரையில் படும் பகுதி) நன்றாக இருந்தாலும், நான்கையும் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய முதல் மாதம்

எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டரும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழைய உரிமையாளர் போன மாதம்தான் மாற்றினார் என்று பில் காட்டினாலும் மாற்றுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு தொடங்குகிறது. பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் புதுப் பேட்டரியை ஸ்கேனர் கொண்டு காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றதுபோலவே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் கெடுக்கும்.

அப்புறம் வடிகால். மாசி கடைசியில் இலை உதிர்ந்து முடிந்ததும் வைப்பருக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றிக் குழியைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். சன்ரூஃப் குழாயில் காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளே இணைப்பு கழன்றுவிடும். அதனால் மெல்லிய நைலான் கம்பியை மட்டும் விட்டுத் துழாவுங்கள். தென்மேற்குப் பருவம் ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும். மே மாதம் முடிவதற்குள் அந்த டம்ளர் தண்ணீர் சோதனையை இன்னொரு முறை செய்து பார்த்துவிடுங்கள்.